கோணல் ஏழு

12.01.2025

மச்சான் றிஸ்வானுக்கு ஜவாதின் ஸலாம்.

கடிதத்தைக் கண்டதும் கிழித்துவிடாதே. உன் தங்கச்சி நுஸ்ஹாவுக்காகவாவது கடைசி வரி வரைக்கும் வாசி. என் நம்பரை நீ தடுத்துவைத்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. இப்போது நீ தடுப்பை எடுத்தாலும் பிரயோசனமில்லை. ஃபோன் என் கையில் இல்லை.

நான் வேலை செய்கிற இடம் பட்டணத்திலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டம். சுற்றிவர மணல். உயர்ந்த மதில், ஒரேயொரு கேற், உள்ளே பதினாலு பழைய கார். கராஜுக்கு மேல்தட்டில் என் அறை. முதலாளியை இங்கே எல்லாரும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்கள். காரைதீவுக் கிசோக் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் லொறியில் சாமான் கொண்டுவருவான். இந்தக் கடிதம் அவனுடைய சேட்டுப் பைக்குள் இருந்துதான் தபாலுக்குப் போகும். பதிலையும் அவனுடைய விலாசத்துக்கே போடு.

விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய பச்சைக் காரைக் கண்காட்சியில் வைக்க அர்பாபுக்கு ஆசை. வண்டி அசலா என்று பார்க்க இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணரைக் கூப்பிட்டிருந்தார். போன வியாழக்கிழமை அந்த மனுசன் வந்தான். பெயின்ற்றைப் பார்க்கவில்லை, ஆசனத்தைப் பார்க்கவில்லை. பொனெற்றைத் திறந்து, கண்ணாடி, டோர்ச், பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து, என்ஜினில் இலக்கம் அடித்திருக்கிற அந்த இரண்டு விரல் இடத்தை மட்டும் இருபது நிமிடம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "இது திரும்ப அடித்த இலக்கம்" என்றான்.

இந்த வகைக் காரில் சாதாரண என்ஜின் போட்டவை அதிகம். பந்தயத்துக்கென்று இரட்டைக் கேம் என்ஜின் போட்டவை மிகக் கொஞ்சம். ஆகையால் சாதாரணக் காருக்குள் எங்கோ கிடைத்த பந்தய என்ஜினைத் தூக்கி வைத்து, காரின் பத்திரத்துக்குப் பொருத்தமாக இலக்கம் அடித்து விற்கிற கள்ளர் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். தொழிற்சாலை வெட்டிய இடத்தில் மயிர் மாதிரி மெல்லிய கோடுகள் இருக்க வேண்டும், நம்முடையதில் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் கையால் அடித்த இலக்கம் இவ்வளவு நேர்த்தியாகவும் இருக்காதாம்.

அர்பாப் என்னைப் பார்த்தார். "நீ என்னிடம் சத்தியம் செய்தாய்" என்றார். ஓம், செய்தேன். சம்மாந்துறை மில்லுக்குப் பின்னால் கோழி அடைந்து கிடந்த அந்தக் காரையும், மில்லுக்குள் நெல்லுக் குத்திக்கொண்டிருந்த அதன் என்ஜினையும் நீயும் நானும்தானே நம் கைகளால் கழற்றினோம். அதை நம்பித்தான் சத்தியம் செய்தேன்.

கடவுச்சீட்டு முதலிலேயே அவருடைய பெட்டகத்துக்குள். இப்போது ஃபோனையும் வாங்கிக்கொண்டார். "போலி என்று உறுதியானால் உன்னை அடுத்த விமானத்தில் துரத்துவேன். வழக்குப் போடமாட்டேன், ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். உண்மை தெரியும்வரை நீ இந்த மதிலைத் தாண்டமாட்டாய்" என்றார்.

றிஸ்வான், நான் கொழும்புக்கு டயர் எடுக்கப் போன அந்தக் கிழமையில் நீ அந்த இலக்கத்தைத் தொட்டாயா?

ஜவாத்


01.02.2025
கல்முனைக்குடி

ஜவாத்,

"மச்சான்" என்று எழுதத் தொடங்கிக் கை நின்றுவிட்டது. அதனால் பெயர் மட்டும்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு கடிதம். சுகமா, உம்மாவின் முழங்கால் வருத்தம் எப்படி என்று ஒரு சொல் இல்லை. எடுத்த எடுப்பில் பொலிஸ்காரன் மாதிரிக் கேள்வி. அடேயப்பா! நாலு வருடம் நீயும் நானும் நகம் தேயத் தேயச் செய்த வண்டியை, நான் "விக்கிறல்லடா" என்று சொல்லச் சொல்லப் படம் எடுத்து அனுப்பி வித்தவன் நீ. வித்தது போதாதென்று வண்டியோடு சேர்ந்து நீயும் கப்பலேறினாய். "ஓடாம கிடந்து கறல் புடிக்கிறத விட ஓடுற இடத்துக்குப் போகட்டும்" என்று பெரிய கதை கதைத்தாய். ஓடுகிறதா? மதிலுக்குள் நிற்கிறது. நீயும் நிற்கிறாய். நல்லா வேணும்.

உன் கேள்விக்குப் பதில்: ஓம், தொட்டேன். அதற்கென்ன?

இலக்கம் இருந்த இடம் எப்படிக் கிடந்தது என்று உனக்குத் தெரியும். தவிடும் எண்ணெயும் இரும்புக் கறலும் சேர்ந்து அடையாய். பதிவு மாற்றத்துக்குப் பார்க்க வந்த பரிசோதகர், "வாசிக்க ஏலாம கிடக்கு, துப்பரவாக்கி வைங்க, மறுகா வாறன்" என்றார். நான் அரத்தால் கறலை எடுத்தேன். மட்டமாக்கினேன். எமரித் தாளால் மினுக்கினேன். பிறகு அதே இலக்கத்தை, விளங்குதா, அதே இலக்கத்தை என்னுடைய நம்பர் பஞ்ச் அச்சுகளால் அடித்தேன். பழைய இலக்கத்தில் கடைசி ஏழு சரிந்துபோய்க் கிடந்தது, எந்தச் சோம்பேறி அடித்தானோ தெரியாது. அதையும் நேராக்கினேன். நாலு வருடம் உழைத்த வண்டிக்குள் ஒரு கோணல் ஏழு எனக்குப் பொறுக்கவில்லை. மறுகா வந்த பரிசோதகர் பார்த்து, "இது என்ன, அச்சடிச்ச மாதிரி" என்று மெச்சினார்.

இப்போது ஒரு வெள்ளைக்காரன் வந்து, வேலை நல்லாயிருக்கிறது, ஆனபடியால் நீ கள்ளன் என்கிறான். இது என்ன நியாயமடா? என்னுடைய கராஜ் பலகையில் உன் பெயரை அழித்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்று நுஸ்ஹாவிடம் கேள். "டூப்ளிகேட் சாமான் பாவிப்பதில்லை." அக்கரைப்பற்றில் இருந்தும் வண்டி கொண்டுவருகிறார்கள் அந்த ஒரு வரிக்காக.

இன்னொன்று. அரம் வைப்பதற்கு முன்னர், பரிசோதனைக்குப் போகிற எல்லா வண்டிக்கும் செய்கிற மாதிரி, பழைய இலக்கத்தின் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். கோணல் ஏழோடுதான். அந்தத் துண்டு எங்கே போனதோ தெரியாது. அதால் உனக்குப் பிரயோசனம் ஏதும் உண்டா?

றிஸ்வான்


19.02.2025

மச்சான்,

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். மச்சான், அந்தப் பென்சில் துண்டைத் தேடு. வேறு எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுத் தேடு.

உன் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது, தனியாகக் கிடந்து சிரித்தேன். நீ அந்தக் கோணல் இலக்கத்தை அப்படியே விட்டிருந்தால் நான் இன்றைக்கு ஃபோனில் மகள் அப்னாவோடு கதைத்துக்கொண்டிருப்பேன். கறலோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இவர்களுக்குக் கறல் வேணும், கோணல் வேணும், கீறல் வேணும். துப்பரவுதான் இங்கே சந்தேகம். நம்முடைய ஊரில் ஒரு வண்டியை மதிக்கிறவன் மினுக்குவான். இவர்கள் மினுக்கினவனைக் கள்ளன் என்கிறார்கள்.

அர்பாபிடம் பென்சில் பிரதி ஒன்று இருக்கலாம் என்று சொன்னேன். நிபுணரிடம் கேட்டார். அதே தொழிற்சாலையில் அதே மாதத்தில் வந்த வேறு என்ஜின்களின் படங்கள் அந்த மனுசனிடம் இருக்கின்றனவாம். பென்சில் பிரதியில் தொழிற்சாலைக் கோடுகளும் அந்த எழுத்தும் ஒத்து வந்தால் அசல் என்று எழுதித் தருவாராம்.

அர்பாப் கெட்ட மனுசன் இல்லை, றிஸ்வான். அதைத்தான் உனக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. பின்னேரத்தில் வந்து என்னோடு தேத்தண்ணி குடிப்பார், தன்னுடைய முதல் கார் பற்றிச் சொல்வார். போகும்போது காவல்காரனிடம், "கேற்றைப் பூட்டு" என்பார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார்.

அப்னாவுக்குப் பதினைந்து முடிந்திருக்கும். நுஸ்ஹா என்ன சொல்கிறாள்? உனக்குத் தெரிந்ததை எழுது. துண்டு கிடைத்தால் மடிக்காமல் அனுப்பு.

ஜவாத்


11.03.2025
கல்முனைக்குடி, நோன்பு பத்து

ஜவாத்,

கிடைத்துவிட்டது! சும்மா கிடைக்கவில்லை, என் சீவனை எடுத்துத்தான் கிடைத்தது.

கராஜ் முழுக்கக் கொட்டித் தேடினேன். உம்மாவின் மருந்துச் சீட்டு, உன்னுடைய பழைய செருப்பு ஒன்று, நுஸ்ஹாவின் கல்யாணக் காட், எல்லாம் கிடந்தது, அது மட்டும் இல்லை. பிறகுதான் நினைவு வந்தது, வாகனப் பத்திரம் எழுதுகிற பாண்டிருப்புச் சீனித்தம்பி அண்ணன். அந்த மனுசன் வெற்றிலை சுற்றிவந்த கடதாசியைக்கூட எறியமாட்டார். போய்க் கேட்டேன். "எந்த வருசம்?" என்றார். சொன்னேன். "எந்த மாசம்?" என்றார். "அண்ணன், நான் நோம்பு, தொண்டை காயுது" என்றேன். "நான் நோம்பில்ல, ஆனா நினைவும் இல்ல" என்று சொல்லிவிட்டு மூன்று பெட்டி இறக்கினார். இரண்டு பின்னேரம் போனது. மூன்றாம் நாள் அவரே கையால் கூப்பிட்டார்.

நம்முடைய விண்ணப்பத்தின் பிரதியில் கோந்து பூசி ஒட்டியிருக்கிறார், மேலே பரிசோதகரின் கையெழுத்து, திகதி. கோடுகள் வடிவாய்த் தெரிகின்றன. அப்போது நான் அதைக் கவனிக்கவேயில்லை, கறல் என்று நினைத்தேன். கடைசியில் அந்த ஏழு, குடிச்சவன் மாதிரிச் சரிந்து நிற்கிறது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் அழித்தேன், நான்தான் காப்பாற்றியும் வைத்திருக்கிறேன். 

ஒட்டியிருந்த மூலத் துண்டை மட்டும் உரித்து அனுப்புகிறேன், விண்ணப்பப் பிரதி அவரிடமே இருக்கிறது. இரண்டு மட்டைக்கு நடுவே வைத்திருக்கிறேன். போட்டோப் பிரதி ஒன்று என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே கிடக்கிறது. வாறவன் போறவன் எல்லாருக்கும் காட்டுகிறேன்.

நுஸ்ஹா என்ன சொல்கிறாள் என்று கேட்டாய். என்னோடு அவள் கதைப்பதில்லை. நான் உன்னோடு கதைக்காததால் அவள் என்னோடு கதைப்பதில்லை. நோன்புக் கஞ்சியை மட்டும் அப்னாவிடம் கொடுத்து அனுப்புவாள். அப்னா உன்னைப் போல நாடி, உன்னைப் போலப் பிடிவாதம். இங்கிலிஸ் நன்றாக எழுதுகிறாள்.

வெள்ளைக்காரனிடம் கொடு. பெருநாளைக்கு வந்து சேர். வந்தால் உன்னோடு கதைப்பேனா என்று இப்போது சொல்லமாட்டேன்.

றிஸ்வான்


06.04.2025

மச்சான்,

பெருநாள் முடிந்து ஒரு கிழமை. நான் வரவில்லை.

உன் பென்சில் துண்டு வெற்றி. நிபுணர் அதைத் தன்னுடைய படங்களோடு வைத்துப் பார்த்தார். அதே மாதத்து வேறு இரண்டு என்ஜின்களில் அதே ஏழு, அதே சரிவு. யாரோ ஒரு தொழிலாளி, ஒரே கை. நிபுணர் எழுந்து நின்று அர்பாபுக்குக் கை கொடுத்தார். அசல் இரட்டைக் கேம், அந்தக் காருக்கென்றே பிறந்த என்ஜின் என்று எழுதித் தந்துவிட்டார்.

அர்பாப் என்னைக் கட்டிப்பிடித்தார். தன்னுடைய அத்தர்ப் போத்தலை என் சட்டையில் முழுதாகத் தெளித்தார். நான் உடனே கேட்டேன், "அப்படியென்றால் என் கடவுச்சீட்டு?" என்று. சிரித்தார். "இது அசல் என்று தெரிந்த பிறகு உன்னை எப்படி அனுப்புவேன்? இந்த என்ஜினின் குணம் தெரிந்தவன் நீ ஒருவன்தான். வேறு யார் தொட்டாலும் பிஸ்டன் எரியும். நீ என் மகன் மாதிரி. கண்காட்சி முடியட்டும், அடுத்த வருடமும் இன்னொன்று இருக்கிறது" என்றார். நான் கையெழுத்து வைக்காமலே ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டிவிட்டார். ஃபோனைத் தரவில்லை, என்ஜினைப் படமெடுத்து வெளியே அனுப்பிவிடுவேனாம்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம் என்கிறான் கிசோக். போகலாம்தான். அதற்கு முதலில் கேற்றைத் தாண்ட வேண்டும். ஒரு தரம் அவனுடைய லொறியின் பின்னால் ஏறப் பார்த்தேன். காவல்காரன் திட்டவில்லை, அடிக்கவில்லை. "இறங்கு, மகன்" என்றான்.

விளங்குகிறதா, றிஸ்வான்? தை மாதத்தில் வண்டி போலியாக இருந்தபோது எனக்கு அடுத்த விமானம் இருந்தது. வெட்கத்தோடு என்றாலும் ஊருக்கு வந்திருப்பேன். இப்போது உண்மை நிரூபணமாகிவிட்டது, கதவு பூட்டியாயிற்று. நிரூபித்தது நீயும் நானும்தான்.

நிபுணர் போகும்போது ஒன்று சொன்னார். "இந்தக் கடதாசிதான் இந்தக் காரின் உயிர். இதை எடுத்தவன் பொய் சொன்னான் என்று வந்தால் எல்லாம் போய்விடும்" என்று.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று உனக்கு விளங்கும். விளங்காவிட்டால் நல்லது. நான் எதையும் கேட்கவில்லை.

ஜவாத்


27.04.2025
கல்முனைக்குடி

ஜவாத்,

விளங்கியது. நல்லாய் விளங்கியது. கேட்கவில்லை என்று எழுதிக் கேட்கிறாய். அந்தச் சாமர்த்தியம் உனக்கு எப்போதும் உண்டு.

என் கையால் "நான் கள்ளன்" என்று எழுதி அனுப்ப வேண்டும். அதுதானே? உன் அர்பாப் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? உன்னை அங்கே அனுப்பிய ஏஜன்சிக்காரனுக்கு ஃபோன் அடித்து ஏசுவார். ஏஜன்சிக்காரன் கல்முனைச் சந்தியில் இருக்கிறான். அவனுக்குத் தெரிந்தால் லுஹர் தொழுகைக்கு முன்னர் சாய்ந்தமருதுக்குத் தெரியும், அஸருக்கு முன்னர் நிந்தவூருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம், டேய்! ஒரு நட்டுக்கூட மாற்றிப் போட்டதில்லை. ஒரு பழைய பேரிங்கைக் கழுவிப் புதுசு என்று கொடுத்ததில்லை. நீ சும்மா வித்த வண்டிக்கு நான் என் பெயரையும் சேர்த்து விக்கணுமா?

முடியாது. எழுதமாட்டேன். வேறு வழி பார். இரண்டு வருடம்தானே, பொறு. எத்தனை பேர் பொறுத்திருக்கிறார்கள்.

இதை எழுதி முடித்து ஒட்டவிருந்தபோது நுஸ்ஹா கராஜுக்கு வந்தாள். இந்தப் படியை மிதித்து இரண்டு வருடத்துக்கு மேல். அவளுக்குக் கிசோக்கின் பெண்சாதி மூலம் எல்லாம் தெரிந்திருக்கிறது. மூலையில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தாள். நான் வேலை செய்தேன். அவள் பார்த்தாள். ஒரு மணித்தியாலம் இருக்கும். எழும்பிப் போகும்போது, "காக்கா, வீட்டுக் கூரை ஒழுகுது. அவர் வந்து பாக்கட்டும் எண்டு வெச்சிரிக்கன்" என்றாள். அவ்வளவுதான். நான் கட்டிக்கொடுத்த வீடு அது. "நான் வந்து பாக்கிறன்" என்றேன். "வேணாம்" என்றாள்.

அதற்காக நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. முடியாது என்றால் முடியாது.

றிஸ்வான்


20.05.2025

றிஸ்வானுக்கு,

நீ சொன்னது சரி. கேட்டிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்.

நானே ஒரு வழி பார்த்தேன். போன கிழமை அந்த என்ஜினின் தீப்பொறி நேரத்தைப் பிசகாக வைத்தேன், நாலு ஓட்டத்தில் பிஸ்டன் எரிகிற அளவுக்கு. என்ஜின் செத்தால் என் வேலை முடியும் என்று கணக்குப் போட்டேன். ஸ்டார்ட் பண்ணினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். சம்மாந்துறையில் மில்காரர் அதை நமக்குத் தந்த அன்றைக்கு நீ காதை வைத்துக் கேட்டாயே, "நெல்லுக் குத்தியே சாகடிச்சிட்டானுகளே" என்று. அது நினைவு வந்தது. நிறுத்திவிட்டுத் திரும்பச் சரியாக வைத்தேன். கை கேட்கவில்லை. உன் கை கேட்காததற்கு உன்னைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. காருக்குக் குளிரூட்டி போட்டிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அப்னாவை இடைக்கிடை பார்த்துக்கொள். கூரையைச் செய்துகொடு, நுஸ்ஹா வேண்டாம் என்றாலும் செய்.

இனி எழுதமாட்டேன். கிசோக்குக்கும் பயம் வந்துவிட்டது.

ஜவாத்


09.06.2025
கல்முனைக்குடி

மச்சான்,

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள். இந்த உறைக்குள் மூன்று கடதாசி இருக்கிறது. ஒன்று உனக்கு, அது இது. மற்ற இரண்டும் உன் அர்பாபுக்கு. முதலில் இதை வாசி, பிறகு அவற்றைக் கொடு.

உன் கடைசிக் கடிதம் வந்த நாளில் இருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நீ அந்த என்ஜினைக் கொல்லப் போய் முடியாமல் திரும்பிய கதையை வாசித்துவிட்டு உன்னைத் தூஷணத்தில் ஏசினேன். தனியாக நின்று சத்தமாக ஏசினேன். எரித்திருக்க வேண்டியதுதானே, மடையா! எரித்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

சும்மா "நான் கள்ளன்" என்று எழுதினால் நிபுணர் நம்பமாட்டான். அவனிடம் பென்சில் பிரதி இருக்கிறது, கோடு இருக்கிறது, ஏழு இருக்கிறது. அந்தப் பிரதியை என்னால் நினைத்த நேரம் செய்ய முடியும் என்று காட்டினால்தான் நம்புவான். ஆகவே செய்தேன். ஒரு உடைந்த டிராக்டர் என்ஜினின் இரும்பை எடுத்து மட்டமாக்கினேன். எமரித் தாளை ஒரே பக்கமாக இழுத்து அந்த மயிர்க்கோடுகளைக் கீறினேன். முதல் நாலு இலக்கமும் வந்தன. ஏழு வரவில்லை. மச்சான், நேராக அடித்தே பழகிய கை, கோணலாக அடி என்றால் கேட்கிறதில்லை. அடிக்க அடிக்க நேராகவே நிற்கிறது. அழித்து அழித்துப் பதினொரு தரம் அடித்தேன். மூன்று நாள். பன்னிரண்டாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன், சரிந்து விழுந்தது. அதன் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பிரதியோடு வைத்துப் பார்த்தேன். எனக்கே எது எது என்று தெரியவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தரம் டூப்ளிகேட் செய்தேன். நல்லாய்த்தான் வந்திருக்கிறது.

சீனித்தம்பி அண்ணனிடம் போய் விண்ணப்பப் பிரதியைக் கேட்டேன். "என்னத்துக்கு?" என்றார். "எரிக்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். "நான் ஒரு துண்டும் குடுத்ததில்ல, நீ ஒரு துண்டும் கேட்டதில்ல. போ" என்று சொல்லி எடுத்துத் தந்தார். கண்ணாடிக்குக் கீழே இருந்ததையும் சேர்த்து எரித்துவிட்டேன்.

மற்றக் கடதாசியில், பழைய இலக்கம் வேறு, காரின் பத்திரத்தைப் பார்த்து நான்தான் பொய்யாக அடித்தேன், பென்சில் பிரதியும் நான் பின்னால் செய்தது, அந்தக் கோணல் இலக்கத்தைப் புத்தகத்துப் படத்தில் பார்த்துச் செய்தேன், ஜவாதுக்கு ஒன்றும் தெரியாது, சாட்சிக்கு இன்னொரு பிரதி இத்தோடு, என்று இருக்கிறது. எனக்கு இங்கிலிஸ் வராது என்று உனக்குத் தெரியும். வெளியே யாரிடமும் எழுதுவிக்க முடியாது. அப்னாவைக் கூப்பிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதினாள். பாதியில் பேனையை வைத்துவிட்டு, "மாமா, நீங்க இப்பிடிச் செஞ்சயளா?" என்று கேட்டாள். "எழுது புள்ள" என்றேன். "உங்களாலயா வாப்பா அங்க பூட்டிக் கிடக்காரு?" என்றாள். "ஓம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமல் எழுதித் தந்துவிட்டுப் போனாள். நேற்று அவள் கொண்டுவரும் சோற்றுப் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுவந்தது.

அவளுக்கு உண்மையைச் சொல்ல முடியாது. பிள்ளை, வாய் தங்காது. நீ வந்து சேரும்வரை நான் கள்ளனாகவே இருக்கிறேன். அர்பாப் கூப்பிட்டு உன்னை ஏதும் கேட்டால் என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. உன் முகத்தில் பொய் நிற்காது, ஆகையால் கொஞ்சமாகப் பேசு.

கேற்றைத் தாண்டினால் நேரே வீட்டுக்குப் போ. கூரையை நான் தொடவில்லை.

றிஸ்வான்


02.07.2025
விமான நிலையம்

மச்சான்,

கடவுச்சீட்டு என் மடியில் இருக்கிறது. இன்னும் மூன்று மணித்தியாலத்தில் விமானம். கிசோக் தன்னுடைய ஃபோனைத் தந்தான், நுஸ்ஹாவோடு கதைத்தேன். முதலில் அவள் அழுதாள், பிறகு உன்னைப் பற்றிச் சொன்னாள்.

அர்பாப் உன் இரண்டு கடதாசிகளையும் நிபுணருக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. முதல் பிரதியையும் இரண்டாவதையும் தன்னால் வேறுபடுத்த முடியவில்லை, ஆனபடியால் தன்னுடைய சான்றிதழைத் திரும்ப எடுப்பதாக எழுதியிருந்தார்.

அர்பாப் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "உன் மச்சான் கள்ளனா?" என்று கேட்டார்.

நீ கொஞ்சமாகப் பேசு என்று எழுதியிருந்தாய். நான் "ஓம்" என்றேன்.

"நீ?" என்றார். "எனக்குத் தெரியாது" என்றேன். அவர் எழும்பிப் போய், நம்முடைய பச்சைக் காரின் மேல் தன் கையாலேயே துணியைப் போட்டு மூடினார். குளிரூட்டியை நிற்பாட்டினார். இனி அதை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. அதற்குள் இருக்கிறது அதனுடைய சொந்த என்ஜின்தான் என்று உலகத்தில் உனக்கும் எனக்கும் சீனித்தம்பி அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏஜன்சிக்காரன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான் என்று நுஸ்ஹா சொன்னாள். கராஜில் நின்ற ஐந்து வண்டியையும் சொந்தக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார்களாம். நீ யாரையும் மறிக்கவில்லையாம். கேட்டவனுக்கெல்லாம், "ஓம், செஞ்சதுதான்" என்று சொன்னாயாம். பலகையைக் கழற்றி உள்ளே சாய்த்து வைத்திருக்கிறாயாம்.

நான் அப்னாவிடம் சொல்லப்போகிறேன். வாய் தங்காவிட்டால் தங்காமல் போகட்டும். அவள் கையால் எழுதியது பொய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு அர்பாபுக்குத் தெரிந்தால் தெரியட்டும், நான் கேற்றுக்கு வெளியே நிற்பேன்.

நேரே வீட்டுக்குப் போகச் சொன்னாய். போகமாட்டேன். நுஸ்ஹாவிடம் சொல்லிவிட்டேன், "முதலில் காக்காட்டப் போங்க" என்று அவளே உன்னிடம் அனுப்புகிறாள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நான் "ஓம்" என்று சொன்னதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் எழுதினேன். இதை உன் கையில் நானே தருவேன். நீ வாசித்து முடிக்கும்வரை கராஜ் வாசலில் நிற்பேன். உள்ளே வரச் சொன்னால் வருகிறேன்.

ஜவாத்